பண்பொழியிலிருந்து பாறைக் கடற்கரைக்கு ஒரு குடும்ப வேன் பயணம்

கடற்கரையோரம் ஊர் ஊராகத் தங்கி, தாங்களே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு போகும் குடும்பப் பயணத்துக்குத் தென்காசி வட்டாரத்தில் வேன்தான் வீடு. காரின் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துச் செல்லும் டிரெய்லர் வீடு மேலைநாடுகளில் பரவலாக இருக்கிறது. தமிழ்நாட்டில் கேரவன் என்றால் சினிமாப் படப்பிடிப்பில் நிற்கும் வண்டிதான் பலருக்கும் நினைவு வரும். மலைக்கு அந்தப் பக்கம் கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கெனக் கொள்கை வகுத்து, வாகமண்ணில் முதல் கேரவன் பூங்காவைத் தொடங்க வழிசெய்தது. பண்பொழி, வடகரை, செங்கோட்டைப் பகுதிக் குடும்பங்களோ நெடுங்காலமாகவே அடுப்பு, அரிசி, பாய், தலையணையோடு வேன் பிடித்துத் திருச்செந்தூர், உவரி, கன்னியாகுமரி என்று கரையோரம் போய் வந்துகொண்டிருக்கின்றன.

மேலைநாட்டு முகாம் இடங்களில் வண்டியை நிறுத்தியதும் தண்ணீர்க் குழாய், மின் இணைப்பு, கழிவுநீர்க் குழாய் மூன்றும் கைக்கு எட்டும். மணப்பாட்டிலிருந்து முட்டம் வரையிலான கரையில் அப்படி எதையும் எதிர்பார்க்க முடியாது. குடிக்கவும் கழுவவும் தண்ணீர், இரவுக்கு வெளிச்சம், பெண்களுக்கும் முதியவர்களுக்கும் கழிப்பிடம் ஆகிய மூன்றையும் எங்கே பெறுவது என்று முடிவுசெய்துவிட்டுத்தான் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலைப் போட வேண்டும். பெரும்பாலான குடும்பங்கள் பட்டியலில் தொடங்குகின்றன. முதல் நாள் மாலைக்குள் வண்டிக்குள் சலிப்பும் சண்டையும் வந்துவிடுகின்றன.

வாடகை வண்டி மஞ்சள் போர்டு வண்டியாகவே இருக்க வேண்டும். தெரிந்தவர் வண்டி, வாடகை குறைவு என்று வெள்ளை போர்டு வண்டியில் போனால், விபத்து நேரும்போது காப்பீட்டுத் தொகை கிடைப்பது சிக்கலாகிவிடும். பன்னிரண்டு பேர் உட்காரும் வண்டியில் பன்னிரண்டு பேரை ஏற்றினால் சமையல் சாமானுக்கு இடமிராது. பெரியவர்கள் எட்டுப் பேர் போவதே வசதி. மேலே கேரியரில் உயரமாக அடுக்குவது இந்தப் பாதைக்கு ஒத்துவராது. ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்காசிச் சமவெளியில் இறங்கும் காற்றும், ஆரல்வாய்மொழிக் கணவாயில் அடிக்கும் காற்றும் உயரமான வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். முப்பந்தலில் காற்றாலைகள் காடாய் நிற்பது அந்தக் காற்றை நம்பித்தான். டிரெய்லர் இழுத்துச் செல்ல நினைப்பவர்களும் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். காற்றில் டிரெய்லரின் பின்பக்கம் ஆடத் தொடங்கினால் முன்னால் இருக்கும் காரையும் சேர்த்து ஆட்டிவிடும். மீனவ ஊர்களின் குறுகிய தெருக்களில் அதைத் திருப்பவும் முடியாது, பின்னால் எடுப்பதும் பெரும்பாடு. இந்தக் கரைக்கு வேனே ஏற்றது.

பாதை இரண்டு உண்டு. தென்காசி, பாவூர்சத்திரம், ஆலங்குளம், திருநெல்வேலி வழியாகத் திருச்செந்தூர் சென்று, அங்கிருந்து கடலை இடப்பக்கம் வைத்துத் தெற்கே இறங்குவது ஒன்று. பண்பொழியிலிருந்து திருச்செந்தூர் சுமார் 120 கிலோமீட்டர். கடையம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, களக்காடு, வள்ளியூர் என்று மலையடிவாரமாகவே போய்க் கன்னியாகுமரிப் பக்கம் கரையைத் தொடுவது மற்றொன்று. குழந்தைகளோடு போகும்போது முதல் வழியில் போய் இரண்டாம் வழியில் திரும்புவது நல்லது. களைத்துத் திரும்பும் நாளில் வயலும் குளமும் நிழலுமாக வரும் சாலை உடம்புக்கு இதமாக இருக்கும்.

காலத்தைப் பொறுத்தவரை, குற்றாலச் சீசனான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கடற்கரைப் பயணத்துக்கு ஆகாது. மலையில் சாரல் பெய்யும் அதே தென்மேற்குப் பருவக்காற்று குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் கடலைக் கொந்தளிக்க வைக்கிறது. விசைப்படகு மீன்பிடித் தடைக்காலமும் இதையொட்டி வருகிறது: கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த நாட்களில் மீன் வரத்துக் குறைந்து விலை ஏறியிருக்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், பொங்கல் கழிந்து மாசி வரையிலான வாரங்களே மிகச் சிறந்தவை. வெயில் தாங்கும்படி இருக்கும், கடலும் பெரும்பாலும் அடங்கியிருக்கும். திருவிழா நாட்களைப் பார்த்துக்கொள்வதும் அவசியம். தைப்பூசத்துக்கும் கந்த சஷ்டிக்கும் திருச்செந்தூரிலும், தசராவுக்குக் குலசேகரப்பட்டினத்திலும், செப்டம்பர் 14-ஆம் தேதித் திருச்சிலுவைத் திருநாளுக்கு மணப்பாட்டிலும், மாசிக் கொடைக்கு மண்டைக்காட்டிலும் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. கோயிலுக்கென்றே போகிறவர்களுக்கு அந்த நாட்கள் உகந்தவை. கரையோரம் தங்கிப் போகிறவர்களுக்கு உகந்தவை அல்ல.

சமையலில் முதல் விதி, வண்டிக்குள் அடுப்பு பற்ற வைக்கக் கூடாது என்பது. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நிறுத்தி வைத்திருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் சிலிண்டர் வைத்துச் சமைத்ததால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். நின்றுகொண்டிருக்கும் வண்டிதானே என்ற எண்ணம் எவ்வளவு ஆபத்தானது என்பதை அந்தச் சம்பவம் காட்டியது. வீட்டுச் சிலிண்டரை ஏற்றாமல் 5 கிலோ சிறிய சிலிண்டரோடு போய், இறக்கி வைத்து, வண்டிக்குப் பத்தடி தள்ளிச் சமைக்க வேண்டும். வண்டி ஓடுகிற நேரத்தில் ரெகுலேட்டர் சிலிண்டரில் மாட்டியிருக்கக் கூடாது.

கடற்காற்றில் அடுப்புச் சுடர் நிற்பதில்லை. அடுப்பை மூன்று பக்கம் மறைக்கும்படி மடக்கிய தகரம் ஒன்றை எடுத்துச் செல்லும் குடும்பம் அரைமணியில் சோறு வடித்துவிடும். எடுத்துச் செல்லாத குடும்பம் ஒருமணி நேரம் தீக்குச்சி கிழித்துக்கொண்டிருக்கும். இந்தப் பயணத்துக்கென்றே அமைந்த சாப்பாடு கூட்டாஞ்சோறு. அரிசி, துவரம்பருப்பு, கத்தரிக்காய், முருங்கைக்காய், வாழைக்காய், கொஞ்சம் முருங்கைக்கீரை, புளித்தண்ணீர் எல்லாம் ஒரே பானையில் வெந்துவிடுவதால் கழுவ ஒரு பாத்திரம்தான், தண்ணீர்ச் செலவும் குறைவு. தேங்காய், சீரகம், சின்ன வெங்காயம், மிளகாய் சேர்த்த அரைப்பை வீட்டிலேயே அரைத்துக் கொண்டுபோனால் மதியத்துக்குமேல் வெயிலில் கெட்டுவிடும். ஆகவே கூட்டாஞ்சோற்றை முதல் நாள் மதியத்துக்கே வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு வரும் வேளைகளுக்கு நல்லெண்ணெய் தாராளமாக விட்ட புளிச்சோறும், மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் கைகொடுக்கும். பயணத்தில் கருப்பட்டி தீர்ந்துபோனால் கவலையில்லை. பாதையிலேயே உடன்குடி இருக்கிறது.

தண்ணீரை மூன்றாகப் பிரித்து வைத்தால் கடைசிவரை தட்டுப்பாடு வராது. குடிக்க மூடியிட்ட கேன்கள், சமைக்கத் தனிக் குடம், உப்பு கழுவத் தனியாகப் பிளாஸ்டிக் டிரம். கடலில் நனைந்த குழந்தை உப்போடு வண்டியில் ஏறினால் தொடையிடுக்கில் புண்ணாகி மறுநாள் நடக்கவே அழும். ஒரு குழந்தைக்கு ஒரு வாளித் தண்ணீர் என்று ஒதுக்கி வைப்பது வீண் ஆடம்பரமில்லை. கரையோர ஊர்களில் குடிநீர் கிடைப்பதே அரிது. வீட்டுக்காரர்களிடம் குடம் நீட்டுவதைத் தவிர்த்து வழியிலுள்ள பெரிய ஊர்களிலேயே நிரப்பிக்கொள்வதுதான் முறை.

இரவுத் தங்கல் கரையில் வேண்டாம். பகலைக் கரையிலும் இரவை ஊருக்குள்ளும் கழிப்பதே இந்தப் பாதையில் பழகியவர்களின் வழக்கம். திருச்செந்தூரில் தேவஸ்தான விடுதிகளும் சமுதாய மடங்களும் உள்ளன. கன்னியாகுமரியில் விவேகானந்தபுரம் வளாகத்தில் குடும்பங்கள் தங்க அறைகள் கிடைக்கும். அறை கிடைக்காத இரவில், கழிப்பறை திறந்திருக்கும் பெரிய பெட்ரோல் பங்கில் மேலாளரிடம் கேட்டு ஓரமாக வண்டியை நிறுத்திக்கொள்ளலாம். ஓட்டுநருக்குக் கட்டாயம் படுக்க இடம் வேண்டும். குடும்பம் அறையில் தூங்க ஓட்டுநர் கொசுக்கடியில் இருக்கையில் சாய்ந்திருந்தால், மறுநாள் அத்தனை பேர் உயிரும் அவர் கண்ணிமையில்தான் இருக்கும்.

மணப்பாடு, உவரி, இடிந்தகரை, முட்டம் ஆகியவை மக்கள் தொழில் செய்து வாழும் ஊர்கள். கரையில் காயும் வலை அவர்களின் முதல். அதன்மேல் வண்டியேற்றுவதும் நடப்பதும் பெரும் தவறு. ஊருக்குள் நுழைந்ததும் கண்ணில் படும் பெரியவரிடம், “அண்ணாச்சி, பிள்ளைகள இங்க இறக்கலாமா?” என்று கேட்டாலே பாதிப் பாதுகாப்பு கிடைத்துவிடும். “இங்க இறங்குங்க, அந்தப் பாறைப் பக்கம் மட்டும் போவாதீய” என்று அவர் சொல்லும் பதிலில் அந்தக் கடலைப் பற்றித் தெரிய வேண்டியது இருக்கும்.

இந்தக் கரையில் கடல் இடத்துக்கு இடம் மாறுகிறது. மணப்பாட்டில் கடலுக்குள் நீண்டிருக்கும் மணற்கல் மேட்டின்மேல் திருச்சிலுவை ஆலயம் நிற்கிறது. புனித பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகப் போற்றப்படும் குகையும் அங்கே உண்டு. மேட்டின் மேலிருந்து பார்ப்பது பாதுகாப்பு, ஈரமான சரிவில் இறங்குவது ஆபத்து. உவரியில் சுயம்புலிங்க சுவாமி கோயில், அந்தோணியார் கோயில், கப்பல் வடிவக் கப்பல் மாதா கோயில் மூன்றும் ஒரே ஊரில் இருப்பதால் முதியவர்களுக்கு ஏற்ற நிறுத்தம். கன்னியாகுமரிக்கு மேற்கே போனதும் கரையின் குணமே வேறு. முட்டத்தில் செம்மண் மேடும் கரும்பாறைகளும் கலங்கரை விளக்கமும் சேர்ந்த அழகை 1986-இல் வந்த ‘கடலோரக் கவிதைகள்’ திரைப்படம் ஊரறியச் செய்தது. படத்தில் பார்த்த பாறையில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் ஆசை இன்றும் பலரை ஈரப்பாறைக்கு இழுக்கிறது.

குற்றாலத்து நீரில் வளர்ந்தவர்களுக்குக் கடலில் ஒரு தனி ஆபத்து உண்டு. அருவியில் குளிப்பவர் தண்ணீருக்கு முதுகு காட்டி நிற்பார். அதுதான் அங்கே சுகம். வெள்ளம் வருமுன் நிறம் மாறும், சருகும் குச்சியும் விழும், மெயினருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டினால் போலீசார் குளிக்க விடமாட்டார்கள். அந்த எச்சரிக்கைகளுக்கே நேரம் கொடாமல் வெள்ளம் வருவதும் உண்டு. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துச் சென்றது. கடலிலோ நிறமும் மாறாது, சருகும் வராது. கரையில் காற்றே இல்லாதபோதும், தெற்கே வெகுதொலைவில் வீசிய புயலால் எழுந்த பேரலைகள் நாட்கணக்கில் பயணம் செய்து வந்து மோதும். மீனவர்கள் கள்ளக்கடல் என்று சொல்வது இதைத்தான். அதே 2024 மே மாதம் 6-ஆம் தேதி, இத்தகைய எச்சரிக்கை அமலில் இருந்தபோது, குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் அலையில் சிக்கி இறந்தார்கள்.

ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் கள்ளக்கடல் எச்சரிக்கைகளை முன்கூட்டியே வெளியிடுகிறது. செய்திகளிலும் அது வரும். காலையில் கிளம்புமுன் அதைப் பார்ப்பதைக் குடும்பத்தில் ஒருவர் தம் பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். கன்னியாகுமரியில் இன்னொரு அடையாளமும் உண்டு: விவேகானந்தர் பாறைக்குப் படகு விடுவதைக் கடல் நிலையைச் சொல்லிப் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் நிறுத்தியிருந்தால், அன்று அக்கம்பக்கத்துக் கரைகளிலும் இறங்கக் கூடாது. மற்ற நாட்களில் முழங்கால் அளவுக்கு மேல் இறங்காமல், முகத்தைக் கடலை நோக்கியே வைத்திருந்து, குழந்தைகளை மணிக்கட்டில் பிடித்துக்கொள்வது போதும். விரலைப் பிடித்தால் ஈரத்தில் நழுவிவிடும். அலையின் ஈரம் பட்டுப் பாசி படிந்த கரும்பாறை எதிலும் யாரும் ஏறக் கூடாது. செருப்போடு ஏறினாலும் வழுக்கும். அலை இழுத்துக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைக்காமல், கரைக்குப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து விலகி, பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். ஒருவர் சிக்கியதும் வீட்டார் ஒருவர்பின் ஒருவராகக் குதிப்பதுதான் ஒரு சாவைப் பல சாவாக்குகிறது. கயிறும் காலிக் கேனும் எறிந்துவிட்டு மீனவர்களைக் கூப்பிடுவதே சரி.

மணலில் வண்டி சிக்குவது இந்தப் பயணத்தில் அடிக்கடி நேரும் இடைஞ்சல். குலசேகரப்பட்டினம் தொடங்கி உவரி வரை சாலையோரம் திடமாகத் தெரியும் தேரி மணல் சக்கரத்தை விழுங்கிவிடும். தார்ச்சாலையை விட்டு நான்கு சக்கரமும் இறங்கக் கூடாது. சிக்கிவிட்டால் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி ஆழப் போகும். எல்லாரையும் இறக்கிவிட்டு, சக்கரத்துக்கு முன்னால் மணலை வாரி, பனைமட்டையோ தென்னமட்டையோ குறுக்கே அடுக்கி, டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து, மெல்ல நகர்த்தினால் பெரும்பாலும் ஏறிவிடும். பனைக்குப் பஞ்சமில்லாத நிலம் அது. ஏறியதும் அடுத்த பங்கில் காற்றை நிரப்பிவிட வேண்டும்.

மருந்துப் பையில் வாந்தி மாத்திரை, உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட், முதியவர்களின் அன்றாட மாத்திரைகள் இரண்டு நாளுக்குக் கூடுதலாக, பாறையும் சிப்பியும் கிழித்த காலுக்குக் கட்டுத்துணி ஆகியவை போதும். இருட்டில் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ திருநெல்வேலிக்கோ போக நேர்ந்தால் வழி தெரியாமல் தடுமாறக் கூடாது என்பதால், தங்கும் ஊரிலிருந்து அதற்கான பாதையை ஓட்டுநர் பகலிலேயே தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

குப்பையை எங்கும் விடாமல் வண்டியிலேயே கட்டிக் கொண்டுவந்து, பேரூராட்சித் தொட்டி இருக்கும் ஊரில் போட வேண்டும். ஊர் வந்து சேர்ந்த அன்றே வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் பீய்ச்சிக் கழுவ வேண்டும். சக்கர வளைவு, பிரேக், கதவுக் கீல் ஆகியவற்றில் ஒட்டிய உப்பு ஒரு வாரத்தில் துருவாகும். வாடகை வண்டியானாலும் கழுவும் செலவை முன்பேசி வாடகையில் சேர்த்துவிட்டால், அடுத்த பயணத்துக்கும் அதே ஓட்டுநர் முகம் சுளிக்காமல் வருவார். அடுப்பின் பர்னரையும் ரப்பர் குழாயையும் துடைத்து, குழாயில் வெடிப்பு தெரிந்தால் அப்போதே மாற்றி வைப்பதோடு பயண வேலை முடிகிறது.