கரும்பொருளும் கருதலளவையும்

காட்சி, கருதல், உரை என்னும் அளவைகளுள், புலனாகாததொன்றை அதன் காரியங்கொண்டு துணிதல் கருதலின்பாற்படும். புகை கண்டு நெருப்புண்மை துணிதல் இதற்கு யாவருமறிந்த எடுத்துக்காட்டு. வானநூலார் கரும்பொருள் என வழங்குவதும் இவ்வளவையானே துணியப்பட்டதாகலின், அத்துணிபு வழுவற்றதோ என ஈண்டு ஆராய்வாம்.

கரும்பொருளாவது, ஒளியை வெளியிடுதலும் ஏற்றலுமின்றி, ஈர்ப்பொன்றானே தன்னுண்மை புலப்படுத்துவது. 1933-ஆம் ஆண்டில் பிரிட்ஸ் சுவிக்கி என்பார், கோமாத் தொகுதியிலுள்ள விண்மீன் மண்டலங்கள் காணப்படும் பொருளின் ஈர்ப்பிற்கு அடங்காத விரைவினவாதல் கண்டு, காணப்படாத பொருள் மிகவுளதென்றார். 1970-இல் வேரா ரூபின், கென்ட் போர்டு என்னும் இருவர் ஆந்திரமேதா மண்டலத்தின் சுழற்சியை அளந்தனர். ஞாயிற்றைச் சுற்றுங் கோள்களுள் புதன் விநாடிக்கு ஏறத்தாழ 47 கிலோமீட்டரும், நெப்டியூன் 5 கிலோமீட்டரும் செல்லும். நடுவினின்றும் அகலுந்தோறும் விரைவு குறைதல் முறை. ஆந்திரமேதாவிலோ புறத்தேயுள்ள வாயுத்திரள்களும் அகத்துள்ளவற்றோடு ஏறக்குறைய ஒத்த விரைவின. ஆகவே, அவற்றை ஈர்ப்பதோர் பொருள் புறத்தும் பரந்துளதென்பது போதரும். இது காரிய ஏது.

அற்றேல், இவ்வேது போலியாகாதோ எனின், அத்தடை எளிதில் தள்ளற்பாலதன்று. யுரேனஸின் இயக்கம் கணக்கொடு மாறுபட்டமை கண்டு, காணாத கோளொன்றை லெவெரியர் கருதியுணர்ந்தார். 1846-இல் பெர்லினில் காலே என்பார் அதனைக் கண்டார். அதுவே நெப்டியூன். அவ்வறிஞரே 1859-இல் புதனின் இயக்கத்து மாறுபாடு கொண்டு உட்கோளொன்று உளதென்றார். வல்கன் எனப் பெயரும் பெற்ற அக்கோள் காணப்பட்டிலது. பிழை ஈர்ப்பு விதியிலேயே உள்ளதென 1915-இல் ஐன்ஸ்டைன் காட்டினார். இயக்க மாறுபாடு பிறிதொரு காரணத்தானும் நிகழுமாகலின், தனித்து நின்றுழி அஃது அநைகாந்திகமாம். இதுபற்றியே 1983-இல் மில்குரோம் என்பார், கரும்பொருள் வேண்டா, விதியைத் திருத்துதலே அமையுமென்றார்.

இவ்வையம் நீக்குதற்கு வேறுவகைக் காரியம் வேண்டும். அது 2006-இல் கிடைத்தது. புல்லட் தொகுதி எனப்படுவதன்கண் இரு தொகுதிகள் மோதி ஊடுருவின. காணும் பொருளிற் பெரும்பகுதியாகிய வெம்மை வாயு மோதலால் தடையுண்டு பின்தங்கிற்று. விண்மீன் மண்டலங்கள் கடந்து சென்றன. பின்னின்று வரும் ஒளி வளைதலை அளந்தவழி, ஈர்ப்பு வாயு மிக்க இடத்தன்றி மண்டலங்கள் சென்ற இடத்தே மிக்கிருந்தது. காணும் பொருள் ஓரிடத்தும் ஈர்ப்பு வேறிடத்தும் நிற்றலின், விதியைத் திருத்துதல் மாத்திரையான் இதனை விளக்கல் அரிது.

நிலத்தடியில் திரவ ஜெனான் கொண்டு தேடியும் கரும்பொருள் அகப்பட்டிலதே எனின், காணாமை இன்மைக்கு ஏதுவாதல் காணத்தக்கவற்றின் மேற்றேயாம். அக்கருவிகள் தம்மாற் காணத்தகும் வகைகளையே விலக்கும், பிறவற்றை விலக்கா.

பிளாங்க் விண்கலத்தின் 2018-ஆம் ஆண்டு முடிபின்படி, உலகத்து உள்ளனவற்றுள் நாமறிந்த பொருள் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பங்கு. கரும்பொருள் 27 பங்கு. புகை நெருப்புண்மையை உணர்த்துமன்றி, எரிவது இன்ன விறகென உணர்த்தாது. அவ்வாறே இக்கருதலும் கரும்பொருளின் உண்மையை நிறுவிற்று. அதன் சிறப்பியல்பை இன்னும் உணர்த்திற்றிலது. இவ்விரண்டையும் வேறுபிரித்தறிதலே அளவைநூல் கற்றதன் பயனென்க.