நோய்க் காலத்தில் கடையும் அதிகாரியும்: விழுப்புரம், திண்டிவனம் வணிகர்களுக்கு ஒரு பாடம்



2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழகம் முழுவதும் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. மறுநாள் முதல் நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு. துணிக்கடை, பாத்திரக்கடை, நகைக்கடை எல்லாம் கதவை இறக்கின. மளிகைக் கடையும் காய்கறிக் கடையும் மருந்துக் கடையும் திறந்திருந்தன. ஊரே வீட்டுக்குள் இருந்தபோது நாம் கல்லாவில் உட்கார்ந்திருந்தோம். கடையைத் திறந்தால் நோய் வரும் என்ற பயம். மூடினால் தெருவுக்கே அரிசி பருப்பு இல்லை என்ற நிலை. அந்த நாட்களில் எது சரியாக நடந்தது, எது தவறியது என்று நிதானமாகப் படித்துக்கொள்வது நமக்கு நல்லது. நோய் இன்னொரு பெயரில் மறுபடியும் வரலாம்.

யாரிடம் எந்த அதிகாரம்?

அன்று நம்மில் பலர் தடுமாறியது இங்கேதான். ஊரடங்கு உத்தரவு 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி வந்தது. அச்சட்டப்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் மாவட்ட ஆட்சியர். அவருக்குக் கீழே திண்டிவனத்தில் சார் ஆட்சியர், வட்டத்தில் வட்டாட்சியர், ஊரில் கிராம நிர்வாக அலுவலர். கடைத்தெருவின் துப்புரவும் சந்தை இடமும் நகராட்சி ஆணையர் பொறுப்பு. தொற்று பற்றிய விவரம் சுகாதார ஆய்வாளரிடம். நேரக் கட்டுப்பாட்டைப் பார்த்துக்கொண்டது போலீஸ். லோடு வண்டி நிற்கிறது என்றால் சுகாதார ஆய்வாளரிடம் போய்ப் பயனில்லை. தெருவை அடைத்துவிட்டார்கள் என்றால் போலீசாரிடம் வாதாடிப் பயனில்லை. எந்தக் காரியத்துக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் இல்லை. 144ஆம் பிரிவின் இடத்தில் இப்போது இருப்பது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163ஆம் பிரிவு.

நேரம் என்பது சின்ன விஷயமல்ல

2020 மார்ச் 29 முதல் மளிகைக் கடைகளுக்குக் காலை 6 முதல் பகல் 2.30 வரை நேரம். ஏப்ரல் 5 முதல் அது பகல் 1 மணியாகக் குறைந்தது. ஒரு வாரத்துக்குள் இரண்டு நேரம். நேரம் குறைந்தால் கூட்டம் குறையும் என்று நினைப்போம். வாடிக்கையாளர் எண்ணிக்கை அதேதான் என்பதால், குறைந்த மணிக்குள் அத்தனை பேரும் வந்து நெருக்கினார்கள்.

அந்த ஆண்டு ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில், நேரம் கடந்து செல்போன் கடையைத் திறந்து வைத்தார்கள் என்று ஒரு தந்தையையும் அவர் மகனையும் போலீசார் பிடித்துச் சென்றனர். சில நாட்களுக்குள் இருவரும் இறந்தனர். தமிழகம் முழுவதும் வணிகர்கள் கடையடைத்துத் துக்கம் காத்தனர், வழக்கு சி.பி.ஐ. வசம் சென்றது. உத்தரவை மீறியதாகச் சந்தேகம் வந்தாலும் அதற்கு உரியது சட்டப்படியான நடவடிக்கைதான். அதைக் கேட்டுப் பெறும் உரிமை வணிகனுக்கு உண்டு. தனி ஆளாக நின்று வாதாடுவதைவிடச் சங்கத்துக்கு உடனே தகவல் சொல்வது பாதுகாப்பு.

கோயம்பேடு சொன்னது

2020 மே 5 அன்று கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. சந்தையை வேறிடத்துக்கு மாற்றுவது பற்றிய பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே நோய் உள்ளே புகுந்துவிட்டது. அங்கே வேலை பார்த்த சுமைப்பணித் தொழிலாளர்கள் சொந்த ஊர் திரும்பினர். விழுப்புரம், கடலூர், அரியலூர் மாவட்டங்களில் தொற்று எண்ணிக்கை சட்டென்று உயர்ந்தது. மூட்டை தூக்குபவர் மேல் பழி போடுவது எளிது. நெருக்கமான சந்தையில் அவர் நாள் முழுவதும் நின்றது நம் சரக்குக்காகத்தான்.

அதே மே மாதத்தில் சந்தை திருமழிசைக்கு மாறியது. பல ஊர்களில் காய்கறிச் சந்தைகள் பேருந்து நிலையத்துக்கும் பள்ளி மைதானத்துக்கும் போயின. வியாபாரம் நின்றுவிடவில்லை. இடம் மாற்றச் சொல்லும்போது, 'முடியாது' என்பதற்குப் பதில் 'தண்ணீர், நிழல், கழிப்பறை, எடை மேடை இருக்கிறதா?' என்று முதல் நாளே கேட்டுப் பேசுவதுதான் லாபம்.

லோடு வண்டி

சரக்கு வண்டிக்குத் தனி அனுமதிச் சீட்டு வேண்டாம், சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பும் காலி வண்டியையும் தடுக்கக்கூடாது என்று மத்திய உள்துறை 2020 ஏப்ரலிலேயே தெளிவாக்கியது. ஆனாலும் சோதனைச் சாவடிகளில் நின்ற வண்டிகள் உண்டு. நம் மாவட்டத்துக்குப் புதுச்சேரி எல்லையும் இருக்கிறது. அங்கே வேறு அரசு, வேறு உத்தரவு. உத்தரவின் நகல் ஒன்று டிரைவர் கையில் இருந்தால் பேச்சு சுருங்கும்.

ஊருக்கு உதவி

2020 ஏப்ரலில் அரிசி அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாயும் அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் ரேஷன் கடை வழியே கிடைத்தன. நாளும் நேரமும் குறித்த டோக்கன் தந்ததால் கூட்டம் பிரிந்தது. இது நம் கடைக்கும் பொருந்தும் முறை. சீட்டை முந்தின நாளே வாங்கி, பொட்டலம் கட்டி வைத்து, நேரம் சொல்லி அனுப்பினால் கடை வாசலில் ஐந்து பேருக்கு மேல் நிற்க மாட்டார்கள்.

தனியார் நேரடியாக உணவு, மளிகை வழங்குவதை அரசு தடுத்தபோது வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. அதிகாரிகளுக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டு வழங்கலாம் என்று 2020 ஏப்ரலில் நீதிமன்றம் வழி விட்டது. சங்கம் உதவி செய்யும்போது நாள், இடம், அளவு எழுதி முன்னதாகக் கடிதம் கொடுத்துவிடுவது நல்லது.

2021 மே 24 முதல் மளிகைக் கடைகளும் மூடப்பட்டன. காய்கறி வண்டிகளில் தெருவுக்கு வந்தது. மே 31 முதல் உள்ளாட்சி அனுமதியுடன் மளிகைப் பொருள்களை வண்டியில் கொண்டுபோய் விற்கவும், போனில் ஆர்டர் பெற்று வீட்டில் கொடுக்கவும் இடம் கிடைத்தது. வாடிக்கையாளரின் போன் எண்ணை நோட்டில் எழுதி வைத்திருந்த கடைக்காரர் அன்றே வியாபாரத்தைத் தொடங்கினார். எழுதாதவருக்கு யாரைக் கூப்பிடுவது என்றே தெரியவில்லை.

இன்றே செய்யக்கூடியவை

1. உணவுப் பாதுகாப்பு உரிமம், தொழில் உரிமம், ஜி.எஸ்.டி. சான்று ஆகியவற்றின் நகல்களை ஒரே உறையில் கல்லாப்பெட்டியில் வையுங்கள்.

2. தெரு வாரியாக வாடிக்கையாளர் பட்டியலும் போன் எண்ணும் எழுதுங்கள். தனியே வாழும் முதியவர் பெயருக்கு எதிரே ஒரு குறி போடுங்கள்.

3. கடைப் பையனுக்கும் மூட்டை தூக்குபவருக்கும் நோய் வந்தால் எத்தனை நாள் சம்பளம் தருவீர்கள் என்று இப்போதே முடிவு செய்யுங்கள். சம்பளம் போய்விடும் என்று பயந்தவர் காய்ச்சலை மறைப்பார்.

4. கடன் நோட்டில் பழைய பாக்கியைத் தனியாகவும் நோய்க் காலப் பாக்கியைத் தனியாகவும் எழுதுங்கள். வசூலிக்கும்போது மனம் நோகாது.

5. விலையை ஏற்றாதீர்கள். 2020இல் முகக்கவசத்தையும் கைச்சுத்திகரிப்பானையும் அரசு சில மாதங்கள் அத்தியாவசியப் பொருளாக அறிவிக்க வேண்டி வந்தது. ஒருவர் செய்த பதுக்கலுக்கு ஊர் வணிகர் அனைவரும் பெயர் கெட்டோம்.

6. சங்கம் ஆண்டுக்கு ஒருமுறையாவது வட்டாட்சியரையும் நகராட்சி ஆணையரையும் சந்திக்கட்டும். அதிகாரிகள் மாற்றலாகிப் போவார்கள். ஊரில் நிலையாக இருப்பது நாம்தான்.

நெருக்கடி வந்த பிறகு அறிமுகம் செய்துகொள்ள நேரம் இருக்காது. அமைதிக் காலத்தில் அறிமுகமான முகத்தையே அவசரத்தில் அதிகாரி நம்புவார். நியாய விலைக்குக் கொடுத்த கடையையே தெரு மறக்காது.