ரோமா, வெனிசா, புளோரன்ஸா?

கல்யாணமான கையோடு இத்தாலி போகும் இளம் தம்பதிகள் சிலர் தங்கள் பயணத் திட்டத்தை என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். பெரும்பாலும் அது அவர்கள் போட்ட திட்டமாக இருக்காது. சிநேகிதி இன்ஸ்டாகிராமில் போட்ட படங்கள் பாதியைத் தீர்மானித்திருக்கும். "அவ்வளவு தூரம் போறீங்க, ஒண்ணு விடாம பார்த்துட்டு வந்துடுங்க" என்ற பெரியவர்களின் வற்புறுத்தல் மீதியை. இவ்வளவு பணம் போட்டு, விடுப்பைச் சேர்த்துவைத்துப் போகிறவர்கள், தங்களுக்கு எது பிடிக்கும் என்று ஒருமுறைகூட யோசிக்காமல் கிளம்புவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

ரோமைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. கொலோசியம், வாட்டிகன் எல்லாம் பார்க்க நான்கு நாளாவது வேண்டும். பெருநகர இரைச்சலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வெனிஸ் என்றால் தீவிலேயே தங்குங்கள். வாடகை குறைவு என்று பாலத்துக்கு இப்பால் கரையிலுள்ள மெஸ்த்ரேயில் அறை எடுத்தால், பகல் கூட்டம் கலைந்து ஊர் அழகாகும் நேரத்தில் நீங்கள் ரயிலைப் பிடிக்க ஓடிக்கொண்டிருப்பீர்கள். கொண்டோலாப் படகுக்கு அங்கே நிர்ணயித்த கட்டணமே பகலில் அரை மணிக்கு 90 யூரோ. அது படகுக்கு, தலைக்கு என்று நினைத்துப் பயந்துவிடாதீர்கள். சியன்னா சின்ன ஊர்; புளோரன்ஸிலிருந்து பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரத்தில் போய், மாலையில் திரும்பிவிடலாம்.

எட்டு நாளில் ஐந்து ஊர் என்று விற்கிறார்களே, அந்தப் பேக்கேஜ் மேல்தான் எனக்குக் கோபம். கணக்குப் போட்டுப் பாருங்கள். விடுதியில் காலை பத்து, பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். அடுத்த ஊரில் மதியம் இரண்டு, மூன்று மணிக்கு முன்னால் அறை கிடைக்காது. ஊர் மாறும் ஒவ்வொரு முறையும் பாதிப் பகல் போய்விடும். நான்கு முறை மாறினால் இரண்டு முழு நாள் பெட்டி கட்டுவதிலும் பிரிப்பதிலுமே கழியும். பழைய நகரங்களின் ஒடுங்கிய தெருக்களில் பெரிய பஸ் நுழைய முடியாது என்பதால், குழுவாகப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையோரம்தான் அறை. சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று சாயங்காலமே அங்கே கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். வெயில் தாழ்ந்து ஊர்க்காரர்கள் நடக்கக் கிளம்பும் வேளையை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள்.

புளோரன்ஸை அவர்கள் காட்டும் விதம் இன்னும் மோசம். மிக்கேலாஞ்சலோ சதுக்கத்து மேட்டிலிருந்து ஒரு படம், பேராலயத்தின் வெளிச்சுவர், சிஞ்ஞோரியா சதுக்கத்தில் தாவீது சிலைக்கு முன்னால் இன்னொரு படம். அங்கே நிற்பது நகல். மிக்கேலாஞ்சலோ 1504இல் முடித்த சிலை 1873 முதல் அகாதெமியா அருங்காட்சியகத்துக்குள் இருக்கிறது. நகலைப் பார்த்துவிட்டுத் தாவீதையே பார்த்ததாக மகிழ்ந்து திரும்பிய ஒரு தம்பதியிடம் இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விடியற்காலையில் எழுந்து லாபியில் காத்து நிற்பதும், அந்தக் களைப்பில் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுவதும் வேறு. இதற்காகவா போனோம்?

என் விருப்பத்தைக் கேட்டால், புளோரன்ஸில் ஆர்னோ ஆற்றின் தென்கரை என்பேன். நானும் என் மனைவியும் சாந்தோ ஸ்பிரித்தோ கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் வீடு எடுத்துத் தங்கியிருக்கிறோம். மரச்சட்டம் செதுக்குகிறவர்களும் தோல் வேலை செய்கிறவர்களும் இன்னும் பட்டறை வைத்திருக்கும் பகுதி அது. கொஞ்சம் நடந்தால் கார்மினே ஆலயம். 1420களில் மசாச்சோ தீட்டிய ஆதாமும் ஏவாளும் அங்கே சுவரில் அழுதுகொண்டே தோட்டத்தை விட்டு வெளியேறுகிறார்கள். நான் அங்கே போனால் என் மனைவி சந்தைக்குப் போவாள். மதியம் சாப்பாட்டுக்குச் சந்திப்போம். சைவக்காரர்களுக்கு ரிபொல்லித்தா இருக்கிறது: பழைய ரொட்டி, பீன்ஸ், கீரை சேர்த்து வேகவைத்த கெட்டியான சூப். இறைச்சிச் சாறு ஊற்றினார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

யாருக்கு எது ஒத்துவரும் என்பதை அவரவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். உஃபீஸி ஓவியக்கூடத்தில் போத்திச்செல்லியின் படங்கள் முன்னால் உங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லையா, வெட்கப்படாதீர்கள். சான் மார்க்கோ மடத்துக்குப் போய்ப் பாருங்கள். துறவிகளின் அறைக்கு ஒரு சுவரோவியம் வீதம் ஃபிரா ஆஞ்சலிகோவும் உதவியாளர்களும் வரைந்திருக்கிறார்கள். ஒரு நேரத்தில் ஒரு படம் என்பதால் கண் அலையாது, ருசி மெல்லப் பிடிபடும். அதுவும் பிடிக்கவில்லையென்றால் நாற்காலியைப் போட்டு ஆற்றைப் பாருங்கள். ஊர் ஒரே நாளில் பழகாது, மூன்றாவது நாள் பழகலாம். துணைவர் ரசிப்பதை நாமும் ரசித்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. அவர் ரசித்து முடிக்கும்வரை காத்திருக்கும் பொறுமை மட்டும் வேண்டும்.

திங்கட்கிழமை உஃபீஸிக்கும் அகாதெமியாவுக்கும் விடுமுறை. ஊருக்குப் போய்ச்சேரும் நாளாக அதை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நேரம் குறித்து முன்பதிவு செய்யுங்கள். புருனெல்லெஸ்கியின் பேராலயக் குவிமாடத்துக்கும் அப்படித்தான். அதற்கு 463 படி, லிஃப்ட் கிடையாது. முழங்கால் வலி உள்ளவர்கள் அந்தச் சீட்டை வாங்க வேண்டாம்; சான் மினியாத்தோ குன்றுக்கு பஸ்ஸிலேயே போகலாம், அங்கிருந்து குவிமாடம் முழுசாகத் தெரியும்.