பிறர் செய்தி சுமக்கும் கணுக்கள்

நுழையும்முன்

ஒரே அறையில் அமர்ந்திருக்கும் இருவர் செல்பேசியில் பேசிக்கொள்ளும்போதும், அவர்தம் குரல் தொலைவில் நிற்கும் கோபுரம்வரை சென்றே திரும்புகிறது. புயலில் அக்கோபுரம் செயலிழந்துவிட்டால், இரு கருவிகளும் கைக்கெட்டும் தொலைவில் இருந்தும் அவற்றிடையே பேச்சு இல்லை. கோபுரத்தின் துணையின்றிக் கருவிகளே தமக்குள் ஒரு வலையைப் பின்னிக்கொள்ள இயலுமா? இயலும். அதற்கு, ஒவ்வொரு கருவியும் முன்பின் அறியாத பிறிதொரு கருவியின் செய்தியைச் சுமக்க இசைய வேண்டும். அவ்விசைவு எவ்வாறு செயற்படுகிறது, எங்கே முறிகிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

கோபுரம் இல்லா வலை

நிலையான அடித்தளம் ஏதுமின்றி, நகரும் கருவிகள் தேவை எழும்போது தமக்குள் அமைத்துக்கொள்ளும் இணைப்பைக் ‘கம்பியில்லா அட்ஹாக் வலையமைப்பு’ என்பர். ‘அட் ஹாக்’ என்பது இலத்தீன் தொடர். ‘இதன்பொருட்டு’ என்பது அதன் பொருள். இவ்வலையில் பங்குகொள்ளும் கருவி ஒவ்வொன்றும் கணு எனப்படும். கரும்பிலும் மூங்கிலிலும் ஒரு துண்டு முடிந்து அடுத்த துண்டு தொடங்கும் இடத்தைக் கணு என்பது தமிழ் வழக்கு. கணினித் தமிழ் அச்சொல்லையே எடுத்துக்கொண்டது பொருத்தமானதே.

ஒரு கணுவின் வானொலி அலை குறிப்பிட்ட தொலைவுவரைதான் கேட்கும். அதற்கு அப்பால் உள்ள கணுவுக்குச் செய்தி சேர வேண்டுமெனில், இடையில் உள்ள கணுக்கள் அதனைக் கைமாற்றித் தர வேண்டும். இவ்வாறான ஒவ்வொரு கைமாற்றமும் ஒரு தாவல். தடையற்ற வெளியில், தொலைவு இருமடங்கானால் அதே தெளிவோடு கேட்கத் தேவைப்படும் ஆற்றல் நான்கு மடங்காகிறது. ஆகவே, நேரே அனுப்புவதைவிட நடுவில் ஒரு கணுவை வைத்து இரு தாவல்களில் அனுப்பினால், அனுப்பும் ஆற்றலில் பாதி மிச்சமாகும். (பெறுவதற்கும் ஆற்றல் செலவாவதால் நடைமுறையில் மிச்சம் இதைவிடக் குறைவே.) ஆயினும், மிச்சமாவது ஒரு கணுவின் மின்கலம்; செலவாவது மற்றொன்றின் மின்கலம். இக்கணக்கை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்வரும் சிக்கல்கள் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

தீவுகளில் தொடங்கிய பேச்சு

1971-ஆம் ஆண்டு ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் தலைமையிலான குழுவினர், ‘அலோஹா’ என்னும் வலையமைப்பை இயக்கிக் காட்டினர். தீவுகளில் இருந்த முனையங்கள் வானொலி அலையின் வழியே தரவுகளைச் சிறுசிறு பொதிகளாக்கி அனுப்பின. எனினும், அவை யாவும் மையக் கணினியோடு மட்டுமே பேசின; ஒன்றன் பொதியை மற்றொன்று சுமக்கவில்லை.

சுமத்தல் என்னும் கருத்து முழு வடிவம் பெற்றது, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமை 1970-களில் உருவாக்கிய பொதி வானொலி வலையில். போர்க்களத்தில் கோபுரம் நட்டு வைக்க இயலாது என்பதே அம்முகமையின் அக்கறைக்குக் காரணம். ராபர்ட் கான் முன்னெடுத்த இத்திட்டம் சான்பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் சோதிக்கப்பட்டது. அங்குள்ள வானொலிக் கருவி ஒவ்வொன்றும் 7.5 நொடிக்கு ஒருமுறை ‘யான் இங்குள்ளேன், இவர்களை எட்ட இத்தனை தாவல்’ என அறிவித்துக்கொண்டே இருந்தது. 1977 நவம்பரில், நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு வண்டியிலிருந்து அனுப்பப்பட்ட பொதிகள் வானொலி வலை, கம்பிவழி வலை, செயற்கைக்கோள் வலை ஆகிய மூன்றனையும் கடந்து உரிய இடத்தை அடைந்தன. இன்றைய இணையத்தின் பிறப்பைப் பேசுவோர் இந்நிகழ்வைத் தவறாமல் குறிப்பிடுவர்.

பழைய செய்தி என்னும் பகை

கணுக்கள் நகர்வதால் நேற்றைய வழி இன்று இராது. சில வேளைகளில் முந்தைய நொடியின் வழியே இந்நொடியில் இராது. வழி அறிதலை நெறிப்படுத்தும் விதித்தொகுப்பை வழிச்செலுத்தல் நெறிமுறை என்பர். அதன் முதற்பகை பழைய செய்தியே. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம்.

க, ச, ட என்னும் மூன்று கணுக்கள் ஒரே வரிசையில் உள்ளன. ட-வை எட்ட ச-வுக்கு ஒரு தாவல். க-வுக்கு, ச-வின் வழியாக இரு தாவல். திடீரென ட விலகிச் சென்றுவிடுகிறது. ச தன் நேர்வழி அறுந்ததை உணர்கிறது. அவ்வேளையில் க, ‘எனக்கு ட இரண்டு தாவல் தொலைவு’ என்று அறிவிக்கிறது. அவ்வழி தன் வழியாகவே சென்றது என்பதை அறியாத ச, ‘க-வின் வழியே சென்றால் மூன்று தாவல்’ எனத் தன் அட்டவணையில் எழுதிக்கொள்கிறது. அதைக் கேட்ட க நான்கு என்கிறது. ச ஐந்து என்கிறது. இல்லாத ஒரு வழியின் தொலைவு வளர்ந்துகொண்டே போகிறது. பொதிகளோ க-வுக்கும் ச-வுக்கும் இடையே பந்துபோல் எறியப்படுகின்றன. இருவரும் பொய் சொல்லவில்லை, கேட்டதைச் சொன்னார்கள். ஊரில் வதந்தி பரவுவதும் இவ்வாறே.

1994-இல் சார்லஸ் பெர்கின்ஸ், பிரவின் பகவத் ஆகிய இருவரும் இதற்கு ஓர் எளிய தீர்வு கண்டனர். ஒவ்வொரு கணுவும் தன்னைப் பற்றிய அறிவிப்புக்கு இரட்டைப்படை வரிசை எண் இட்டு, ஒவ்வொரு முறையும் அதனை உயர்த்திக்கொண்டே செல்லும். இணைப்பு அறுந்ததைக் காணும் அண்டைக் கணு, அதற்கு அடுத்த ஒற்றைப்படை எண்ணை இட்டு ‘வழி இல்லை’ என அறிவிக்கும். எண் பெரிதாயின் செய்தி புதிது, சிறிதாயின் தள்ளத்தக்கது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் க கூறும் ‘இரண்டு தாவல்’ பழைய எண்ணைத் தாங்கி வருவதால், ச அதனை நம்பாது. ‘டி.எஸ்.டி.வி.’ எனப்படும் இந்நெறிமுறையின் குறை வேறு. எவரும் எவரோடும் பேசாதபோதும், அறிவிப்புகள் ஓயாமல் சென்றுகொண்டே இருக்கும், மின்கலம் கரையும்.

கேட்டபின் தேடுதல்

தேவை எழுந்த பின்னரே வழி தேடினால் என்ன? டேவிட் ஜான்சன், டேவிட் மால்ட்ஸ் ஆகியோர் 1996-இல் வெளியிட்ட நெறிமுறையும், பெர்கின்சும் எலிசபெத் ராயரும் 1999-இல் வெளியிட்ட ‘ஏ.ஓ.டி.வி.’ நெறிமுறையும் இவ்வினாவிற்கு விடையாக எழுந்தவை. பின்னது 2003 ஜூலையில் இணையப் பொறியியல் பணிக்குழுவின் 3561-ஆம் எண் ஆவணமாக வெளிவந்தது.

க-வுக்கு ப-வோடு பேச வேண்டும், வழி தெரியாது. க ‘ப எங்குள்ளது?’ என்னும் வழிவேண்டலை அண்டையிலுள்ள அனைவரும் கேட்க ஒலிபரப்புகிறது. கேட்ட கணு ஒவ்வொன்றும், ‘இது என்னிடம் யார் வழியே வந்தது’ என்பதைக் குறித்துவைத்துக்கொண்டு மீண்டும் ஒலிபரப்புகிறது. முன்பே கேட்ட வேண்டலாயின் பேசாமல் விட்டுவிடுகிறது. வேண்டல் ப-வை அடைந்ததும், ப தரும் மறுமொழி, குறித்துவைத்த தடங்களின் வழியே ஒவ்வொரு கணுவாகப் பின்னோக்கி வந்து க-வைச் சேர்கிறது. ப-வுக்குப் போதிய அளவு புதிய வழியை அறிந்த இடைக்கணுவும் மறுமொழி தரலாம்.

வலை முழுவதும் கூவி எழுப்புவது வீண்செலவு. ஆதலால் தேடல் சிறு வட்டத்தில் தொடங்குகிறது. ஆவணம் பரிந்துரைக்கும் அளவுகளின்படி முதலில் 1 தாவல், பிறகு 3, 5, 7 என வட்டம் விரிகிறது. அதற்கும் கிட்டாவிடில் மட்டுமே வேண்டல் வலை முழுவதற்கும் செல்கிறது. காணாமற்போன ஆட்டை முதலில் பட்டியருகே தேடி, பிறகே மேய்ச்சல் நிலத்துக்குச் செல்லும் இடையரின் முறை இது. வழி கிடைத்தபின் நொடிக்கு ஒரு ‘வணக்கம்’ சொல்லி அண்டைக்கணுக்கள் ஒன்றையொன்று உறுதிசெய்துகொள்ளலாம். இரு வணக்கங்கள் தொடர்ந்து தவறினால் இணைப்பு அறுந்ததாகக் கொண்டு வழிப்பிழை அறிவிக்கப்படும்.

சுமக்க மறுக்கும் கணு

மேற்கண்ட நெறிமுறைகள் அனைத்திலும் எழுதப்படாத ஒரு நம்பிக்கை உண்டு: பொதியைப் பெற்ற கணு அதனை மெய்யாகவே அடுத்த கணுவிற்கு அனுப்பும் என்பதே அது. ஒரே படையைச் சேர்ந்த கருவிகளிடையே அந்நம்பிக்கைக்கு அடிப்படை இருந்தது. முன்பின் அறியாதோரின் கருவிகள் ஒன்றுகூடும்போது அதற்கு அடிப்படை ஏது? வழிதேடலில் நல்லபிள்ளையாகப் பங்குகொண்டு, பொதி வந்ததும் ஓசையின்றிக் கைவிடும் கணு தன் மின்கலத்தைக் காத்துக்கொள்கிறது. தன் செய்திகளை மட்டும் பிறர் சுமக்க விடுகிறது. அறுந்த இணைப்பைவிட இத்தகைய கணு தீங்கானது. ஏனெனில் அறுந்த இணைப்பு கண்டறியப்பட்டதும் வழி மாற்றப்படும்.

இதனினும் கொடியது கருந்துளைக் கணு. வழிவேண்டல் வந்தவுடன், மிக உயர்ந்த வரிசை எண்ணை இட்டு, ‘மிகப் புதிய வழி என்னிடமே உள்ளது’ என மறுமொழி தரும். பொதிகள் அதனை நோக்கிப் பாயும், பாய்ந்தவை மீளா. வதந்தியைத் தடுக்கப் புனையப்பட்ட வரிசை எண்ணே இங்குப் பொய்க்குக் கருவியாகிறது. தவறுதலைத் தடுக்கும் காப்பு வஞ்சகத்தையும் தடுக்கும் என எண்ணுவது பிழை. இரண்டும் வேறுவேறு சிக்கல்கள்.

2000-ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘காவல்நாய்’ என்னும் முறையை முன்மொழிந்தனர். வானொலி அலை ஒருவர்க்கென்று மட்டும் செல்வதில்லை. எனவே ச-விடம் பொதியைக் கொடுத்த க, அதனை ச மேலே அனுப்புகிறதா என்பதைக் காதுகொடுத்துக் கேட்கலாம். கேட்கவில்லையெனில் ச-வின் பெயரில் ஒரு குற்றம் எண்ணப்படும். குற்றங்கள் பெருகினால் அதனைத் தவிர்த்து வேறு வழி தேர்ந்தெடுக்கப்படும். கணிப்பொறிப் போலிச் சோதனையில், 40 விழுக்காட்டுக் கணுக்கள் தவறாக நடந்தபோதும், மிதமான நகர்வின்கீழ் வலையின் செயல்திறன் 17 விழுக்காடு கூடியது. அதற்கு ஈடாக, மேலாண்மைச் செய்திகளின் பங்கு 9 விழுக்காட்டிலிருந்து 17 விழுக்காடாக உயர்ந்தது.

கூர்ந்து நோக்கினால் இம்முறையில் ஒரு முரண் புலப்படும். சுமக்க மறுத்த கணுவைத் தவிர்ப்பது அதன் சுமையை இறக்கிவைப்பதே ஆகும். அதன் செய்திகளோ வழக்கம்போல் பிறரால் சுமக்கப்படுகின்றன. மறுத்தவர்க்குத் தண்டனையன்று, ஓய்வே கிடைக்கிறது! இக்குறையை நீக்க, 2002-இல் சோன்யா புச்செகர், லெ புடெக் ஆகியோர், சுமக்க மறுக்கும் கணுவின் செய்திகளைப் பிறரும் சுமவாதிருக்கும் முறையை வகுத்தனர். அக்காலத்திலேயே சுவிட்சர்லாந்தின் லொசான் நகர ஆய்வாளர்கள், பிறர் பொதியைச் சுமந்தால் வரவு, தன் பொதியை அனுப்பினால் செலவு என ‘நக்லெட்’ என்னும் கற்பனை நாணயத்தையும் முன்மொழிந்தனர்.

இயலாமையும் இசையாமையும்

இம்முறைகள் அனைத்தும் ஒரே இடத்தில் இடறுகின்றன. காவல்நாயின் காதில் ச-வின் ஒலி விழாமற்போனது எதனால்? ச அனுப்ப மறுத்திருக்கலாம். அல்லது ச அனுப்பிய அதே கணத்தில் க-வின் அருகில் வேறொரு கணு பேச, இரு அலைகளும் மோதியிருக்கலாம். ச-வின் மின்கலம் தீர்ந்துகொண்டிருக்கலாம். வெளியிலிருந்து பார்ப்போர்க்கு மூன்றும் ஒரே மௌனம்தான். ஒதுக்கிவைக்கும் முறையில், மோதலுக்கு ஆளான கணுவும் குற்றவாளியாகலாம். நாணய முறையில், வலையின் ஓரத்தில் நிற்கும் கணுவின் வழியே எவருடைய பொதியும் செல்லாது. சுமக்க விரும்பினும் அதற்கு வாய்ப்பில்லை. எனவே வரவும் இல்லை. உழைக்க மறுத்தவரையும் வேலை கிடைக்காதவரையும் ஒரே கணக்கேட்டில் எழுதும் பிழை இது.

2003 அக்டோபரில் வெளிவந்த ‘ஓ.எல்.எஸ்.ஆர்.’ நெறிமுறை வேறொரு கோணத்தில் இதனை அணுகியது. பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் உருவாக்கிய இது, பின்னர் பெர்லின் நகரக் குடிமக்கள் வீட்டுக் கூரைகளில் அமைத்த ‘ஃப்ரைஃபுங்க்’ வலையிலும் பயன்பட்டது. இதில் ஒவ்வொரு கணுவும் தன் அண்டைக்கணுக்களுள் சிலவற்றை மட்டும் அறிவிப்புகளைப் பரப்பும் அஞ்சற்கணுக்களாகத் தேர்ந்துகொள்கிறது. அத்தேர்வுக்கு உதவியாக, கணு ஒவ்வொன்றும் தன் ‘வணக்கச்’ செய்தியிலேயே ‘பிறர் செய்தியைச் சுமக்க எனக்கு எவ்வளவு இசைவு’ என்பதை 0 முதல் 7 வரையிலான ஓர் எண்ணால் தெரிவிக்கிறது. 7 எனில் எப்போதும் சுமக்கும். 0 எனில் ஒருபோதும் அதனைத் தேர்ந்தெடுக்கலாகாது.

அவ்வாவணம் தரும் எடுத்துக்காட்டு எளிமையானது. நிலையான மின்னிணைப்பில், நிறைந்த மின்கலத்தோடு இருக்கும் கருவி 7 என அறிவிக்கலாம். இணைப்பிலிருந்து எடுக்கப்பட்டதும் அது 3 ஆகும். மின்கலம் குறையக் குறைய 2 ஆகி, 1 ஆகி, பிறர் சுமையைத் தாங்கவியலா நிலையில் 0 ஆகும். கணு சொல்லும் எண் மெய்தானா என்பதை நெறிமுறை ஆராய்வதில்லை. வஞ்சகக் கணு இங்கும் 0 எனப் பொய்யுரைக்கலாம். ஆயினும், வெளிப்படையாக 0 என்று சொன்ன கணுவை நம்பி எவருடைய பொதியும் வீணாவதில்லை. அவை வேறு வழியில் செல்லும். 0 என அறிவித்த கணுவுக்கு வரவேண்டிய செய்திகளை, 3-இலும் 7-இலும் நிற்கும் அண்டைக்கணுக்கள் தொடர்ந்து கொண்டுவந்து சேர்க்கின்றன.

கற்பவை கற்றபின்

1. மாணவர் பன்னிருவர் வகுப்பறையில் இடைவெளிவிட்டு நின்று, அருகிலிருப்பவர்க்கு மட்டும் கேட்கும் குரலில் பேசி, ‘ஏ.ஓ.டி.வி.’ முறைப்படி ஒரு வழிவேண்டலையும் மறுமொழியையும் நடத்திக் காட்டுக. இடையில் ஒருவர் இடம் மாறினால் நிகழ்வதைக் குறிப்பெடுக்க.

2. செய்தியைக் கைவிட்ட கணு இயலாமையால் கைவிட்டதா, இசையாமையால் கைவிட்டதா என அறிய, காவல்நாய் முறையில் நீவிர் செய்யும் மாற்றம் யாது? குழுவில் கலந்துரையாடுக.