இணையப் பயன்பாட்டு மிகையும் கல்லூரி மாணாக்கர் கல்வியும்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்கள் அமைந்துள்ளன. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. இங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் தனுவச்சபுரம், திருவனந்தபுரம் ஆகிய இடங்களிலும், களியக்காவிளையைக் கடந்து மார்த்தாண்டம், நாகர்கோவில் ஆகிய ஊர்களிலும் கல்லூரிக் கல்வி பெறுகின்றனர். வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் வகுப்பில் ஆங்கிலமுமாகப் பயில்வோர்க்குக் கைபேசி பெருந்துணையாகும். அத்துணையே இடையூறாக மாறும் நிலையை ஆசிரியர் அறிந்திருத்தல் வேண்டும்.

மிகை எனப்படுவது யாது?

இணையத்தில் நெடுநேரம் இருத்தல் மட்டும் நோயன்று. நிறுத்த முயன்றும் இயலாமை, நிறுத்தினால் எரிச்சல், உறக்கமும் படிப்பும் உறவும் கெடுதல் ஆகியவையே குறிகள். அமெரிக்க உளவியல் அறிஞர் கிம்பர்லி யங் 1998இல் 20 வினாக்கள் கொண்ட அளவுகோல் ஒன்றை வகுத்தார். இதன் உச்ச மதிப்பெண் 100. மதிப்பெண் 50ஐ எட்டினால் கவனிப்புத் தேவை. 80ஐ எட்டினால் நிலை கடுமையானது. ஆயினும் இது நோயை உறுதி செய்யும் கருவியன்று. உலகச் சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறைக்கு வந்த தன் நோய்ப் பட்டியலில் விளையாட்டு மிகைக் கோளாற்றைச் சேர்த்துள்ளது. பொதுவான இணைய மிகையைத் தனி நோயாகச் சேர்க்கவில்லை.

கல்வி குன்றுவது எவ்வாறு?

முதலாவது, காலம் கழிகிறது. இரவுதோறும் 3 மணி நேரம் வீணானால், 90 நாள் கொண்ட பருவம் ஒன்றில் 270 மணி நேரம் இழப்பாகும். இரண்டாவது, உறக்கம் குறைகிறது. பகலில் கற்றது நினைவில் நிலைபெற உறக்கம் இன்றியமையாதது. மூன்றாவது, அடிக்கடி வரும் அறிவிப்புகளால் கவனம் சிதறுகிறது.

எனினும் காரணமும் விளைவும் இடம் மாறுவதுண்டு. பாடம் விளங்காமையாலோ மனச்சோர்வாலோ தனிமையாலோ இணையத்தில் ஒதுங்குவோரும் உளர். இவர்களிடமிருந்து கைபேசியைப் பறிப்பதனால் மூலக்காரணம் நீங்காது.

செய்யத்தக்கவை

தடை ஒன்றே பரிகாரமாகாது. விடுதியில் கைபேசிக்குக் கட்டுப்பாடு விதித்தது தொடர்பான வழக்கொன்றில், இணையம் பெறும் உரிமை கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் எனக் கேரள உயர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. ஆதலின் பின்வரும் முறைகள் பொருத்தமானவை:

1. மாணாக்கர் தம் பயன்பாட்டு நேரத்தைப் பாடம், பிற எனப் பிரித்து ஒரு வாரம் தாமே குறித்துவரச் செய்க.
2. இரவில் கைபேசியைப் படுக்கைக்கு அப்பால் வைக்கும் வழக்கத்தைக் குடும்பம் முழுவதும் மேற்கொள்ளச் சொல்லுக.
3. வருகை குறைதல், வகுப்பில் உறங்குதல் ஆகியவற்றைக் கண்டால், கடிந்துரைக்குமுன் காரணத்தை வினவுக.
4. உளத்துயர் தென்பட்டால் 'டெலி மானஸ்' 14416 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணைத் தெரிவிக்க. 2022இல் தொடங்கிய இச்சேவை தமிழிலும் மலையாளத்திலும் கிடைக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2014 முதல் இதற்கெனச் சிறப்பு மருத்துவப் பிரிவு நடத்திவருகிறது.

எல்லைப்புற மாணாக்கன் தன் துயரைத் தாய்மொழியில் சொல்ல வாய்ப்புப் பெறுதல் முதற்படியாகும். அவ்வாய்ப்பை அளிப்பதில் ஆசிரியரின் செவி எந்த அளவுகோலினும் முற்பட்டது.