நனவிலியும் கேவலமும்

நெய்வேலி நகரியத்தில் யாம் நடத்திவரும் சித்தாந்த வகுப்பில், சுரங்கப் பணியாற்றும் அன்பர் ஒருவர் அண்மையில் ஒரு வினாவை எழுப்பினார். மேலைநாட்டு உளநூலார் கூறும் நனவிலி மனமும் நம் ஆசிரியர் கூறும் ஆணவ மலமும் ஒன்றுதானே; ஒன்றாயின், கூத்தப்பெருமான் திருவுருவும் அந்நனவிலியினின்று எழுந்த உருவெளித் தோற்றமென்று கொள்ளத் தடை யாது, என்பது அவ்வினா. பின்னையதை அவர் தயங்கியே கேட்டார். நாள்தோறும் வழிபடும் ஒருவர்க்கு இவ்வையம் விளையாட்டன்று.

முதற்கண் அவர் மதம் இன்னதெனக் காண்போம். மறக்கப்பட்டனவும் அடக்கப்பட்டனவும் மனத்தின் அடியிற் கிடந்து கனவாக வெளிப்படும் என்பதை வியன்னா மருத்துவர் பிராய்டு 1900-ஆம் ஆண்டில் வெளியான தம் கனவு நூலில் விரித்தார். நம் நாட்டிலும் கிரீந்திரசேகர போசு 1922-இல் கல்கத்தாவில் உளப்பகுப்புக் கழகம் நிறுவினார். பிராய்டுடன் முதலில் உடன்பட்டுப் பின் பிரிந்த சுவிட்சர்லாந்து மருத்துவர் கார்ல் குஸ்தாவ் யுங் (1875–1961), ஒவ்வொருவர்க்கும் உரிய நனவிலியின் கீழே மாந்தர் யாவர்க்கும் பொதுவான நனவிலி ஒன்றுண்டு என்றார். தாய், முதியோன், நிழல் எனப் பல நாட்டுக் கதைகளினும் கனவுகளினும் ஒருபடித்தாய் வரும் தொல்படிமங்கட்கு அதுவே இடம் என்பது அவர் துணிபு.

நெய்வேலியார்க்கு இதனை விளக்க நெடிது செல்லவேண்டுவதில்லை. ஏறத்தாழ 50 முதல் 100 மீட்டர் வரையிலான மேல்மண்ணின் கீழே பழுப்பு நிலக்கரிப் படுகை கிடக்கின்றது. பல ஊழிகட்கு முன் நின்ற காட்டின் எச்சம் அது. 1930-களிற் கிணறு தோண்டியவிடத்துக் கரும்பொருள் வெளிப்படும்வரை மேலே உழுதவர் அதனை அறிந்திலர். அப்படுகைக்கும் கீழே அழுத்தம் மிக்க ஊற்றுநீர் மேனோக்கி உந்துகின்றது. அதனை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தாலன்றிச் சுரங்கத்தின் தரை பிளந்துவிடும். அடக்கப்பட்டவை மேலெழ முயலும் என்னும் உளநூலார் கூற்றுக்கு இஃது ஒருபுடை உவமையாம்.

இனி நம் நூல். இந்நடுநாட்டுப் பெண்ணாகடத்துத் தோன்றித் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டதேவர், சிவஞானபோதம் நான்காஞ் சூத்திரத்தில், உயிர் அந்தக்கரணங்களின் வேறென்றும், இயல்பாகிய மலத்தால் தானே உணராதென்றும், அமைச்சரோடு கூடிய அரசன் போல ஐந்தவத்தைப்படுமென்றும் நிறுவினார். வழிநூலாகிய சித்தியார் கருவிகளை எண்ணியே காட்டும். நனவில் நுதலின்கண் 35. கனவிற் கண்டத்தின்கண் 25. ஏனைய இந்திரியம் 10 மேலே நின்றுவிடும். உறக்கத்தில் இதயத்தின்கண் சித்தம், பிராணன், புருடன் என 3; துரியத்தில் உந்தியின்கண் 2; அதீதத்தில் மூலத்தின்கண் 1. பிற கருவிகள் ஒழிந்த உறக்கத்தினும் சித்தம் எஞ்சி நிற்றல் கருதத்தக்கது. உளநூலார் நனவிலி என்பதன் பெரும்பகுதி இச்சித்தத்திற் கிடக்கும் வாசனைகளே என்பது எம் கருத்து.

ஆகவே அஃது ஆணவமன்று. இருட்டறையிற் கிடக்கும் பண்டங்கள் வேறு, இருள் வேறு. வாசனைகள் பண்டம், ஆணவம் இருள். ஆணவத்தைச் செருக்கென்றும் அகங்காரமென்றும் பலர் பேசுவது மற்றொரு மயக்கம். அகங்காரம் மாயையின் காரியமாகிய தத்துவம், உறக்கத்தில் ஒழியும். ஆணவமோ அப்போதும் ஒழியாது. தொல்படிமங்களின் பொதுமைக்கும் நம்மிடம் விடையுண்டு: வினைத்தொகுதி உயிர்தோறும் வேறு, கருவிகளைத் தரும் மாயையோ யாவர்க்கும் பொது.

மெய்யான பிணக்கு வேறிடத்தது. யுங் 1937-ஆம் ஆண்டு இறுதியில் அறிவியற் பேரவையின் வெள்ளிவிழாவின்பொருட்டு இந்தியா வந்து தென்னாடும் போந்தார். ஆயினும் திருவண்ணாமலையில் இரமண முனிவரைக் காணாமலே மீண்டார். 1944-இல் வெளியான, சிம்மர் அம்முனிவரைப் பற்றி எழுதிய நூலின் முன்னுரையில் இதனைத் தாமே குறித்துள்ளார். நான் என்னும் முனைப்பின்றி உணர்வு இராது. ஆதலின் கீழைநாட்டார் கூறும் சமாதி நனவிலியேயாம் என்பது அவர் கொள்கை. இங்கேதான் அவர் இரண்டை ஒன்றாக்கிவிட்டார். முனைப்பற்ற நிலை இருவகைத்து. கருவிகளின்றி மலத்தோடு மட்டும் கிடப்பது கேவலம். கருவிகளின் நீங்கி அருளோடு கூடி அறிவது சுத்தம். விளக்கு அணைந்தவழியும் கண் விளக்கை நாடாது. ஞாயிறு எழுந்தவழியும் நாடாது. அதுகொண்டு நள்ளிரவும் நண்பகலும் ஒன்றென்பார் உளரோ? தியானத்தில் அமர்ந்து அயர்ந்துபோவதைப் பேறெனக் கருதும் நம்மவர் சிலரும் இப்பிழையே செய்கின்றனர். அவர்க்கு யுங் மேல்; அவர் அதனை இருள் என்றாவது கண்டார்.

அன்பரின் பின்னை வினாவுக்கு வருவோம். திருவுருவம் உள்ளத்தில் ஒரு படிமத்தை எழுப்புதல் உண்மை. சார்ந்ததன் வண்ணமாகும் உயிர்க்கு அது வேண்டுவதே. படிமம் உள்ளதென்பதுகொண்டு மூலம் இல்லையென்று துணிதல் தருக்கமாகாது. கண்ணாடியில் நிழல் தோன்றுதலால் கண்ணாடியே முகத்தை ஈன்றது என்னலாமோ? தாம் ஆய்வது உள்ளத்திலுள்ள இறைப்படிமமே, இறையன்று என யுங்கே பலகாலும் கூறியுள்ளார். அவ்வரம்பைக் கடந்தவர் அவர் பெயரால் பேசுவோரேயாவர்.

உளநோயால் வருந்துவார்க்கு மருத்துவரை விலக்கிச் சாத்திரத்தை மட்டும் ஓதுவிப்பதனை யாம் உடன்படோம். கருவி பழுதுற்றால் கருவிக்கு மருந்து வேண்டும். கருவிகள் நீங்க அருளில் உயிர் விழித்திருக்கும் மேலாலவத்தையின் இயல்பை வரும் திங்களில் எழுதுவோம்.