சங்கு ஊதிய நாள்: 1945-இல் கோலாலம்பூரின் மீது பி-29

போர்ட் கிள்ளானில் பிறந்து வளர்ந்த எனக்கு இரண்டாம் உலகப் போர் என்றால் ஜப்பானியரின் மிதிவண்டிப் படைதான். கோத்தா பாருவில் இறங்கினார்கள். 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூருக்குள் நுழைந்தார்கள். தேர்வுக்கு அவ்வளவு போதும்.

தாத்தாவிடம் கேட்டபோது மிதிவண்டியைப் பற்றி அவர் பேசவே இல்லை. "செந்தூல்ல குண்டு போட்டானே, அது தெரியுமா?" என்றார்.

"ஜப்பான்காரன் போட்டதா தாத்தா?"

"இல்லய்யா, வெள்ளக்காரன் போட்டது."

நம்மை மீட்க வந்தவர்கள் நம் தலைமேல் ஏன் குண்டு போட்டார்கள்? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததே. அப்போது தாத்தாவுக்கு ஒன்பது வயது. அவருடைய அப்பா செந்தூல் ரயில் பட்டறையில் சுத்தியல் அடிப்பவர். பட்டறையில் பெருமளவில் வேலை செய்தவர்கள் தமிழர்கள்.

குண்டு போட்டவை அமெரிக்காவின் பி-29 கனரகக் குண்டுவீச்சு வானூர்திகள். நான்கு இயந்திரங்கள், 43 மீட்டர் இறக்கை, 11 பேர் கொண்ட குழு. தாத்தா இன்றும் 'ஆகாயக் கப்பல்' என்றுதான் சொல்கிறார். அவை புறப்பட்ட இடம் வங்காளத்திலுள்ள கரக்பூர் வட்டாரம். ஹிஜ்லி தடுப்பு முகாம் கட்டடம் அப்படைக்குத் தலைமையகமாக இருந்தது. 1951-இல் இந்தியாவின் முதல் ஐ.ஐ.டி. தொடங்கியதும் அதே கட்டடத்தில்தான். கரக்பூரும் ரயில் பட்டறையால் வளர்ந்த ஊர் என்பதை அறிந்தபோது சற்று நேரம் மேலே படிக்க ஓடவில்லை.

கரக்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு ஒரு வழிக்கே 2,600 கிலோமீட்டருக்கு மேல். இத்தனை தொலைவு பறக்க எரிபொருளைச் சுமந்தால் குண்டுக்கு இடம் குறைந்துவிடும். 1944 நவம்பர் 5-இல் சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்தின் கப்பல் பழுதுபார்க்கும் துறையைத் தாக்க 76 பி-29கள் அனுப்பப்பட்டன. 20,000 பவுண்டு வரை சுமக்கக்கூடிய அந்த வானூர்தி அன்று கொண்டுபோனது ஆளுக்கு இரண்டே இரண்டு ஆயிரம் பவுண்டுக் குண்டுகள். 20,000 அடி உயரத்திலிருந்து போடும்படி உத்தரவு.

அந்த உயரத்தை எடுத்துக்கொண்டு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20,000 அடி என்பது ஏறத்தாழ 6,100 மீட்டர். காற்றின் தடையை விட்டுவிட்டால் குண்டு தரையைத் தொட 35 விநாடி ஆகும். வானூர்தியின் வேகம் மணிக்கு 350 கிலோமீட்டர் என்றால், அந்த 35 விநாடியில் குண்டு முன்னோக்கி 3.4 கிலோமீட்டர் போயிருக்கும். மெர்டேக்கா சதுக்கத்துக்கு மேலே கைவிட்ட குண்டு செந்தூலில் விழும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விநாடி பிந்தினால் 97 மீட்டர் தள்ளி விழும். பட்டறைக்கும் தொழிலாளர் குடியிருப்புக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருந்திருக்கும்?

கீழேயிருந்து சுடுபவனுக்கும் இதே கணக்குத்தான், தலைகீழாக. பீரங்கிக் குண்டு அந்த உயரத்தை எட்டச் சில விநாடிகள் பிடிக்கும்; அதற்குள் வானூர்தி வெகுதூரம் நகர்ந்துவிடும். ஆகவே அது இருக்கும் இடத்தை விட்டு, போய்ச் சேரப்போகும் இடத்தைப் பார்த்துச் சுடவேண்டும். வெடிக்கும் நேரத்தையும் முன்கூட்டியே குண்டில் அமைக்கவேண்டும். வேகத்தையோ உயரத்தையோ தவறாகக் கணித்தால் புகைதான் மிச்சம். 1945-இல் மலாயாவில் ஜப்பானியரிடம் போர் வானூர்திகளும் சொற்பமே. பொதுமக்களுக்கு இருந்த வான் தற்காப்பு தாத்தா சொன்னதுதான்: பட்டறைச் சங்கும் வீட்டுப் பின்னால் வெட்டி, தென்னங்கட்டை போட்டு மூடிய குழியும். வேலைக்கு ஊதும் சங்கு ஒரே மூச்சாக வரும். விட்டு விட்டு ஊதினால் குழிக்குள் ஓடவேண்டும்.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். கண்டியில் தலைமையகம் வைத்திருந்த தென்கிழக்காசியத் தளபதி மவுண்ட்பேட்டன், 1945 பிப்ரவரித் தொடக்கத்தில் தாக்குதல் பட்டியலை மாற்றினார். சிங்கப்பூர், பினாங்குக் கடற்படைத் தளங்களைத் தொடவேண்டாம், மீட்ட பிறகு நமக்கே வேண்டும் என்றார். கோலாலம்பூர் வட்டாரம் பட்டியலின் தலைக்கு ஏறியது. பிப்ரவரி 19-இல் ஏறத்தாழ 50 பி-29கள் வந்து மத்திய ரயில் பட்டறையைத் தாக்கின; மார்ச் 10-இல் அதில் பாதியளவு மீண்டும் வந்தன. போர்க் கணக்கில் இது சரியான முடிவு என்றே நானும் நினைக்கிறேன். தோட்டத் தமிழர்களைச் சயாம் மரண ரயில்பாதைக்கு ஏற்றிச் சென்றதும் இந்த ரயில்தானே! ஆனால் தளத்தைக் காத்துவைக்கச் சொன்ன பட்டியலில், பட்டறையில் நின்றவர்களுக்கு ஒரு வரி இருந்ததாக நான் எங்கும் படிக்கவில்லை.

மார்ச் 10 தாக்குதலில் பிரிக்பீல்ட்ஸ் அருகே இருந்த சிலாங்கூர் அரும்பொருளகத்தின் வலப்பக்கம் நொறுங்கியது. அந்த இடத்தில்தான் 1963-இல் திறக்கப்பட்ட தேசிய அரும்பொருளகம் நிற்கிறது. அரும்பொருளகத்துக்கு விழுந்த அடி எல்லா நூலிலும் இருக்கிறது. செந்தூல் வீடுகளைத் தேடத்தான் நாளாகிறது.

எங்கள் ஊருக்கும் ஒரு பங்கு காத்திருந்தது. அப்போது போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயர். 1972-இல்தான் போர்ட் கிள்ளான் ஆனது. இத்துறைமுகத்தைப் பிடிக்க வகுத்த 'சிப்பர்' திட்டப்படி 1945 செப்டம்பர் 9-இல் மோரிப் கடற்கரையில் படை இறங்கியது. ஆகஸ்டு 15-இலேயே ஜப்பான் பணிந்துவிட்டதால் சண்டை இல்லாத இறக்கம். போர் நீடித்திருந்தால் இந்தக் கரைக்கு மேலும் சங்கு ஊதியிருக்கும்.

போருக்குப் பிறகு துறைமுக வேலைக்காக இங்கே குடிவந்தது தாத்தாவின் குடும்பம். குண்டு விழுந்த மறுநாள் என்ன நடந்தது என்று கேட்டேன்.

"அப்பா சுத்தியல வச்சிட்டு மம்பட்டியோட போனாரு. பொழுது சாஞ்சுதான் வந்தாரு. யார் யாருன்னு அம்மா கேட்டாங்க. அப்பா சொல்லல."